மூடி வைத்த ஸ்பிட்ஃபயர் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் விட்டுப்போன பொழுதுபோக்குகள் பற்றி வந்த பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு வாசகர், சின்ன வயதில் பிளாஸ்டிக் விமானங்கள் ஒட்டியதாகவும், பெட்டிகள் இன்னும் பரணில் இருப்பதாகவும், கண் மங்கி கை நடுங்கும் வயதில் இனி அவற்றைத் தொடுவதற்கில்லை என்றும் எழுதியிருந்தார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 51 வயது. பல் மருத்துவர்களுக்குப் பல் செட்டும் கேப்பும் செய்து கொடுக்கும் டென்டல் லேபில் 26 வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயர்; 17 வயதில் அதன் பிளாஸ்டிக் மாடல் ஒன்றைப் பாதி ஒட்டி நிறுத்தினேன். பரீட்சை வந்தது, அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை. வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பெட்டி மட்டும் கூடவே வந்தது. போன வருடம் அக்கா மகன் பரணில் எதையோ தேடப் போய் அதை இறக்கிவிட்டான். "சித்தி, இது நீங்க செஞ்சதா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லவே எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

1/72 அளவு, நிஜத்தில் 72ல் ஒரு பங்கு. அதாவது ஆறடி மனிதர் இந்த அளவில் சரியாக ஓர் அங்குல உயரம் இருப்பார். நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், என் பெட்டியில் இருந்தது பதினைந்தரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 1936 மார்ச் 5 அன்று முதன்முதலில் பறந்த விமானம் அது. 1953ல் பிளாஸ்டிக் மாடல் செய்யும் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் விமான கிட்டாக, அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டியாகக் கொண்டுவந்ததும் அதைத்தான். உலகத்தில் எத்தனையோ பேர் அந்த நீள்வட்ட இறக்கையில்தான் கைபழகியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

கண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது லேசான பிரச்சினை. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய் பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது, எல்லோருக்கும் வருவதுதான். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். நான் லேபில் பயன்படுத்துவது இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும்; அதுவே இங்கும் போதுமானதாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் பொருளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருக்கும், தூரிகை பிடிக்க இடம் இருக்காது. கண்ணாடியைவிட முக்கியம் வெளிச்சம். ஒரு விளக்கு வைத்தால் உங்கள் கையின் நிழலே வேலையின் மேல் விழும். இடமும் வலமும் இரண்டு வையுங்கள். முதல் நாள் இரண்டாவது விளக்கைப் போட்டபோது என் கண் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

நடுக்கத்துக்கும் வழி இருக்கிறது. வண்ணம் பூசும் சின்ன வீரர் பொம்மைகளை உருவங்கள் என்பார்கள்; என் அக்கா மகனுடையவற்றையும் நான் பூசினேன். உருவத்தை விரலால் பிடிக்காமல் காலி மருந்து பாட்டிலின் மூடியில் ஒட்டி, பாட்டிலைப் பிடியுங்கள். இரண்டு முழங்கையும் மேசையில் ஊன்ற வேண்டும். இரண்டு மணிக்கட்டும் ஒன்றையொன்று தொட வேண்டும். தூரிகை பிடித்த கையின் சுண்டுவிரல் பாட்டிலில் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது கை நடுங்கினாலும் இரண்டு கையும் சேர்ந்தே நடுங்கும். தூரிகைக்கும் உருவத்துக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது. 20 வயதுப் பையனுக்கும் கை நடுங்கத்தான் செய்கிறது. லேபில் புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளைப் பார்த்தே இதைச் சொல்கிறேன்.

என்னைத் தடுமாற வைத்தது வேறு. கை, விட்ட இடத்துக்கே போய் நிற்கிறது.

நான் தினமும் பீங்கான் தூளைக் குழைத்து, ஒரு கேப்பின் மேல் அடுக்கடுக்காகப் படியவைத்து, சூளையில் சுட்டு எடுக்கிறவள். பல்லின் நிறத்தைப் பார்க்க நாங்கள் வைத்திருக்கும் பழைய அட்டையில் 16 நிறங்கள். அதில் ஏ2வுக்கும் ஏ3க்கும் உள்ள வித்தியாசம் வெளியாட்கள் கண்ணுக்குப் படவே படாது. ஒரே பூச்சில் எந்தப் பல்லும் பல்லாகத் தெரியாது என்பது எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட நான், பெட்டியைத் திறந்து, கெட்டியான பச்சை எனாமல் பெயிண்டைக் கலக்காமல் கொள்ளாமல் ஒரே இழுப்பில் இறக்கை முழுக்கப் பூசினேன். 17 வயதில் எப்படிப் பூசினேனோ அப்படியே. 26 வருடத் தொழில் அந்த மேசைப் பக்கமே வரவில்லை. காலையில் பார்த்தால் இறக்கையில் இருந்த மெல்லிய ரிவெட் புள்ளிகள் பாதியைக் காணோம். ஓரத்தில் பெயிண்ட் வடிந்து சொட்டாகக் காய்ந்திருந்தது.

அந்த வாசகர் பயப்பட வேண்டியது வயதுக்கு இல்லை, இதற்குத்தான். விட்டுப்போன வேலையைத் திரும்ப எடுக்கும்போது, விட்ட அன்று இருந்த அவசரமும் தப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. என் அக்கா மகன் முதல் உருவத்துக்கே பெயிண்டில் தண்ணீர் கலந்துதான் பூசினான். யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள், அவன் செய்தான், அவ்வளவுதான். நான் ஒன்றை மறந்த பிறகுதான் இன்னொன்றைக் கற்றுக்கொள்ள முடிந்தது.

முதலில் மறந்தது பசையை. எங்கள் காலத்தில் டியூப் பசைதான். நூல் நூலாக இழுபடும், விரலில் ஒட்டும், விரல் ரேகை இறக்கையில் பதியும். இப்போது தண்ணீர் போன்ற பசை வருகிறது. அதை முதலில் தடவிவிட்டு ஒட்டுவதில்லை. இரண்டு பாதியையும் காய்ந்தபடியே சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்புக் கோட்டில் தூரிகை நுனியைச் சும்மா தொட வேண்டும். பசை அந்தக் கோடு வழியே தானாக ஓடும். ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம்: கோடு கறுத்துக்கொண்டே போகும். பத்து நொடி கழித்து மெல்ல அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் ஒரு மயிரிழை அளவு வெளியே பிதுங்கும். அதைத் துடைக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, பிளேடால் சுரண்டி, நனைத்த உப்புத்தாளால் தேய்த்தால் இரண்டு பாதி என்பதே தெரியாது. பட்டி வைக்கத் தேவையே இல்லை. 34 வருடத்துக்கு முன்னால் நான் ஒட்டிய உடம்புப் பகுதியைக் கத்தி நுனியால் மெதுவாகப் பிரித்து, இப்படித் திரும்ப ஒட்டினேன். அந்தக் கோடு மறைந்ததை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

இந்தப் பசை பிளாஸ்டிக்கை ஒட்டுவது கிடையாது, கரைத்து ஒன்றாக்குகிறது. இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒரு ராத்திரி தப்பு செய்தேன். பெயிண்ட் சரியாக வராத மூன்று உருவங்களை, பெயிண்டை எடுத்துவிட்டு முதலிலிருந்து பூசலாம் என்று அசிட்டோனில் போட்டேன். ஒன்று உலோகம், இரண்டு பிளாஸ்டிக். உலோகம் பளபளவென்று வந்தது. மற்ற இரண்டும் காலையில் குழம்பிப்போய் டப்பாவின் அடியில் ஒட்டிக் கிடந்தன. அந்தப் பசையில் இருக்கும் கரைப்பானும் அதே வகைதான். ஒரு துளி என்றால் ஒட்டும், குளிக்க வைத்தால் கரைத்துவிடும். அவை அக்கா மகனுடையவை. அவன் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இரண்டு நாள் மனசே சரியில்லை. தண்ணீர் கலந்து பூசும் அக்ரிலிக் பெயிண்டைப் பிளாஸ்டிக்கிலிருந்து எடுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். அடுத்த தடவை அப்படித்தான் எடுத்தேன்.

அவனுடைய உருவங்களுக்கு நான் வந்தது தனிக் கதை. அவன் மேசைமேல் படை நகர்த்தி ஆடும் வார்ஹாமர் ஆடுகிறவன். 1983ல் வந்த ஆட்டம் அது, எனக்கு அப்போது தெரியாது. பத்து வீரர்கள் இருந்தார்கள், பூச அவனுக்கு நேரம் இல்லை. "சித்தி, ஸ்பிட்ஃபயரை மறுபடி தொடறதுக்கு முன்னாடி இதுல கைபழகுங்க" என்று வைத்துவிட்டுப் போனான்.

விமானம், டாங்கி என்று அளவு மாடல் ஒட்டிப் பழகிய கண்ணுக்கு அந்த உருவங்கள் முதலில் உறுத்தும். தலை பெரிசு, கை பெரிசு, வாள் நிஜத்தில் யாராலும் தூக்க முடியாத அகலம். ஆள் உயரத்தை வைத்து 28 மில்லிமீட்டர் அளவு என்பார்கள். அது கணக்கு சுத்தமான அளவும் இல்லை. சொல்லப்போனால் நம் அளவுகளும் எல்லாமே கணக்கு பார்த்து வந்தவை அல்ல. டாங்கிகளுக்கு இன்று உலகம் முழுக்க இருக்கும் 1/35, 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் செய்த ஒரு பாந்தர் டாங்கி மாடலுக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காக வந்த அளவு. சரி, உருவங்களுக்கு வருகிறேன். பெரிய தலைக்கு ஒரு காரணம் இருக்கிறது: அதை ஆடுகிறவர் கையெட்டும் தூரத்திலிருந்து பார்க்கிறார். அங்கிருந்து முகம் முகமாகத் தெரிய வேண்டும்.

வண்ணமும் அப்படித்தான். விமானத்துக்கு நிஜ நிறம் என்ன என்று தேடிப் பூசுகிறோம். உருவத்துக்கோ வெளிச்சத்தையும் நிழலையும் சேர்த்தே பூச வேண்டும். ஓர் அங்குலப் பொருளின் மடிப்புகளில் அறை விளக்கு போதுமான நிழலைத் தராது. அதனால் துணி மடிப்பின் பள்ளத்தில் நாமே கறுப்பை இறக்கி, மேட்டில் நாமே வெளிச்சத்தை ஏற்றுகிறோம். இது எனக்கு உடனே பிடிபட்டது, ஏனென்றால் பல்லிலும் நாங்கள் செய்வது இதுதான்: ஈறுப் பக்கம் அடர்த்தி, நுனிப் பக்கம் கண்ணாடி போல. தொழில் அப்போதுதான் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

கெட்டிப் பெயிண்டை மறக்க உதவியது ஈரத்தட்டு. மூடியுள்ள ஒரு டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் கேக் சுடும்போது அடியில் போடும் பேக்கிங் தாள், தாளின் மேல் பெயிண்ட். ஈரம் கீழிருந்து ஊறிக்கொண்டே இருக்கும்; அக்ரிலிக் அரை மணியில் தோல் கட்டாது, மூடி வைத்தால் மறுநாளும் பூசலாம். தூரிகை நுனியால் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நகத்தின் வரிகள் அடியில் தெரிந்தால் பதம் சரி. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், பயப்படக் கூடாது. காய்ந்ததும் இரண்டாவது. 17 வயதில் என்னால் அந்த இரண்டாவது பூச்சுக்குக் காத்திருக்க முடிந்ததில்லை.

தூரிகையிலும் ஒரு தப்பு எண்ணம் இருந்தது. சின்ன வேலைக்கு மிகச் சின்ன தூரிகை வேண்டும் என்று மூன்று பூஜ்யம், ஐந்து பூஜ்யம் என்று வைத்திருந்தேன். அவற்றில் நிற்கும் பெயிண்ட் ஒரு சொட்டுகூட இல்லை. முகத்தருகே கொண்டுபோவதற்குள் நுனி காய்ந்துவிடும். நுனி கூராகச் சேரும் ஒன்றாம் எண் தூரிகை போதும். வயிற்றில் பெயிண்டைத் தாங்கும், நுனியில் மட்டும் விடும்.

அந்தத் தூரிகையில்தான் கண்களை எழுதினேன். அக்கா மகன் சொல்லியிருந்தான்: "கண்ணை விட்டுடுங்க சித்தி, தூரத்துல இருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது." எனக்கு மனம் வரவில்லை. கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முதலில் குழி முழுக்க அடர்ந்த பழுப்பு. காய்ந்ததும் அதன் நடுவில் படுக்கைவாட்டில் ஒரு வெள்ளைக் கீற்று. சுத்த வெள்ளை கூடாது, துளி தோல் நிறம் கலந்த வெள்ளை. பழுப்பு மேலும் கீழும் இமைக்கோடாக மிஞ்ச வேண்டும். கருவிழியைப் புள்ளியாக வைக்கப் பார்த்தேன். மூன்று தடவையும் வீரன் பேயைக் கண்டவன் போல முழித்தான். அப்புறம் புள்ளியை விட்டுவிட்டு, மேலிமையிலிருந்து கீழிமைக்கு நின்றவாக்கில் ஒரு சின்னக் கோடு இழுத்தேன். இமைகள் அதைத் தாமே வெட்டிக் கருவிழியாக்கிக்கொண்டன. இரண்டு கண்ணும் ஒரே பக்கமாகச் சற்றுச் சாய்ந்து பார்க்கட்டும். நேரே பார்க்க வைத்தால் இம்மி விலகினாலும் தெரியும். கடைசியில் தோல் நிறத்தால் ஓரங்களைத் திருத்தினேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திய நேரத்தில்தான் ஒவ்வொரு கோடும். பத்து பேர், இருபது கண், நான்கு ராத்திரி. ஆறாவது வீரன் என்னைத் திரும்பிப் பார்த்தபோது நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குள் ஒரு நடை நடந்து வந்தேன்.

பிறகு ஸ்பிட்ஃபயருக்கே திரும்பினேன். கெட்டிப் பூச்சை எடுத்து, இரண்டு மெல்லிய பூச்சில் பச்சையும் மண்பழுப்பும். இரண்டிலும் துளி வெளிர்சாம்பல் கலந்தேன். தூரத்திலிருந்து பார்க்கும் பொருள் வெளிறித்தான் தெரியும், இத்தனை சின்ன விமானத்தில் நிஜ நிறத்தை அப்படியே பூசினால் இருட்டாகிவிடும்.

விமானத்தில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட டீகால் தாள் மஞ்சளாகிப் போயிருந்தது. அதைத் தண்ணீரில் நனைத்தால் சின்னம் கழன்று வரும். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி மூன்று வாரம் ஒட்டி வைத்தேன். மஞ்சள் பெரும்பாலும் போய்விட்டது. வெயிலுக்கு அந்தச் சக்தி உண்டு. ஆனால் இறக்கையில் வரும் முதல் வட்டச் சின்னத்தைத் தண்ணீரில் போட்டதும் ஏழெட்டுத் துண்டாக உடைந்து மிதந்தது. வருடங்கள் ஆனதில் அதன் படலம் இற்றுப்போயிருந்தது. மற்றவற்றின் மேல் தெளிவான வார்னிஷை மெல்லப் பூசி, ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுத்தேன். வார்னிஷ் புதுப் படலமாக நின்று தாங்கியது. விமானத்தின் மேலும் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடிக்க வேண்டும். சொரசொரப்பான பூச்சின் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும். உடைந்த வட்டத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து இடது இறக்கையில் வைத்தேன். விரிசல் தெரிகிறது. அப்படியே விட்டிருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, இடம் குறைவென்றால் மற்றதை வெட்டிவிட்டு இந்தப் பத்தியையும் அடுத்ததையுமாவது போடுங்கள். திரும்பி வருகிறவர்கள் பழைய பழக்கங்களோடு வருகிறார்கள், அவற்றில் சில உடம்பைக் கெடுக்கும். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவது எங்கள் தலைமுறைப் பழக்கம். சில வண்ணங்களில் காட்மியம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் வண்ணம் பூசிய பெண்கள் இதே போல உதட்டில் நுனி கூராக்கித்தான் நோயில் விழுந்தார்கள். ஈரத்தட்டின் தாளில் உருட்டினாலே நுனி சேர்ந்துவிடும். பழைய உலோக உருவங்கள் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: 1990களுக்கு முன் வந்தவற்றில் பலதில் ஈயம் உண்டு. கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். அரத்தால் தேய்த்த தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

ரெசின், அதாவது திரவமாக இருந்து இறுகிய பிசினின் தூளும் அப்படியே. லேபில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைத் தேய்க்கும்போது முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் நாங்கள் உட்காருவதில்லை. வீட்டில் ஏன் உட்கார வேண்டும்? நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. இப்போது பிள்ளைகள் ரெசின் பிரிண்டரில் உருவங்களைத் தாங்களே அச்சிடுகிறார்கள். 0.05 மில்லிமீட்டர் அடுக்குகளாக வருகிறது, அழகாகத்தான் இருக்கிறது, எங்கள் லேபிலும் அதே வகை இயந்திரம் உண்டு. ஆனால் இறுகாத ரெசின் தோலில் படக் கூடாது. ஒரு தடவை அலர்ஜி தொடங்கிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்கத் தொட முடியாமல் போகலாம். அப்படிக் கை வெந்து வேலையை விட்டவர்களை எங்கள் தொழிலில் பார்த்திருக்கிறேன். நைட்ரைல் கையுறை, திறந்த ஜன்னல், இரண்டும் வேண்டும்.

அந்த வாசகருக்கு: புதுப் பெட்டி எதுவும் வாங்காதீர்கள், பரணில் இருப்பதையே இறக்குங்கள். பாதி ஒட்டிக் கெட்டுப்போனது ஏதாவது இருக்கும். அதில் இனி கெடுப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் பயமில்லாமல் தப்பு செய்யலாம். ஒட்டாத பெட்டிகள் நிறைய இருந்தாலும் அவை பத்திரமாகவே இருக்கட்டும், கை தன் இன்றைய வயதுக்கு வந்து சேர்ந்த பிறகு திறக்கலாம். எனக்கு அதற்கு ஏழு மாதம் ஆனது.

பத்து வீரர்களும் போன வாரம் ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். விமானத்தில் இன்னும் விமானியின் கண்ணாடிக் கூண்டு ஒட்ட வேண்டியிருக்கிறது. சூப்பர் குளூ வைத்தால் அதன் ஆவி பட்டு உள்ளே பனி படிந்த மாதிரி வெளுத்துவிடும் என்பதால் வெள்ளைப் பசையைப் பல்குச்சியில் தொட்டு வைக்கப்போகிறேன். அதற்கு முன் உள்ளே இருக்கும் விமானியை ஒரு தடவை தூசி தட்ட வேண்டும். 17 வயதில் அவருக்கு முகம் பூசாமலே உட்கார வைத்திருக்கிறேன். இன்றைக்கு ராத்திரி அந்த வேலைதான்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகி